ஒளிரும் மீன் வளர்க்கலாமா? கலர் ஜீப்ரா, கலர் விடோ பற்றி விவரம் தேவை

பெரம்பூர்_தொட்டி (கேள்வி)

வணக்கம். வீட்டில் 36 × 15 × 15 அங்குலத் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், வெள்ளை எல்.இ.டி. விளக்கு உண்டு, ஹீட்டர் இல்லை. மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் சம்ப்பில் கலந்துதான் மேலே ஏறுகிறது. டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 700க்கும் 900க்கும் நடுவில் ஆடும், பி.எச். (அமில, காரத் தன்மை) 8.2 அளவில் நிற்கும்.

கொளத்தூர் கடைகளில் நீல விளக்கின் கீழ் பளீரென்று சிவப்பும் பச்சையுமாக ஜீப்ரா டேனியோவும் விடோ டெட்ராவும் விற்கிறார்கள். பையன் அதைத்தான் கேட்கிறான். ஒரு கடையில் "மரபணு மாத்தினது" என்கிறார்கள். அடுத்த கடையில் "நம்ம பண்ணையிலேயே போட்டது" என்கிறார்கள். இன்னொருவர் "ஊசி போட்ட மீன், கொஞ்ச நாள்ல வெளுத்துடும்" என்கிறார். யாரை நம்புவது?

தெரிய வேண்டியவை: எது எது என்று கடையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? அந்த நிறத்தால் மீனுக்கு வேதனை உண்டா? நம் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்குமா? இதை வளர்ப்பது சரியா என்பதில் உங்கள் கருத்து என்ன? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நீலவிளக்கு

மூன்று பேர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். மரபணு மாற்றிய மீன், அதை இங்கேயே இனப்பெருக்கம் செய்து எடுத்த குஞ்சு, சாயம் ஏற்றிய மீன் எல்லாமே "கலர் மீன்" என்ற ஒரே பெயரில் விலைபோகும். முதல் இரண்டும் உடம்பளவில் ஒன்றுதான். மூன்றாவதை மட்டும் தனியாகப் பிரித்தறிய வேண்டும்.

மரபணு மாற்றிய மீனில் நிறம் தசைக்குள்ளேயே உருவாகிறது. 1999இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஷியுவான் கோங் குழுவினர் ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரத மரபணுவை ஜீப்ரா டேனியோவின் கருவுக்குள் செலுத்தினார்கள். மாசுபட்ட தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் மீனை உருவாக்குவது அவர்களுடைய நோக்கம். பிறகு கடல் பவள இனத்திலிருந்து எடுத்த சிவப்புப் புரதமும் சேர்ந்தது. தசையில் மட்டும் வேலை செய்யும் மரபணு இயக்கியோடு இதை இணைத்ததால் உடம்பு முழுக்க அந்தப் புரதம் நிறைந்து, சாதாரண வெளிச்சத்திலேயே நிறம் தெரிகிறது. 2003இல் தைவானில் மெடாக்கா என்ற சிறு மீன் ஒளிரும் வகையில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் யார்க்டவுன் டெக்னாலஜிஸ் நிறுவனம் 'குளோஃபிஷ்' என்ற பெயரில் ஜீப்ராவை 2003 கடைசியில் அறிவித்து அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் விற்பனைக்கு விட்டது. விடோ டெட்ரா, டைகர் பார்ப், ரெயின்போ ஷார்க், பெட்டா எல்லாம் பின்னால் வந்தவை.

சாயம் ஏற்றுவது முற்றிலும் வேறு வேலை. கண்ணாடி மீன் என்று நாம் சொல்கிற பராம்பாசிஸுக்கு முதுகோரத்தில் ஊசியால் குத்தி நிறத்தை இறக்குவார்கள். விடோ டெட்ராவை அரிக்கும் கரைசலில் முக்கி, மேலே உள்ள வழவழப்புப் படலத்தைக் கரைத்துவிட்டு, சாயத்தில் போட்டு எடுப்பார்கள். கிருமியைத் தடுக்கும் முதல் வேலியே அந்தப் படலம்தான். ஊசி ஏறிய கண்ணாடி மீன்களில் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் கட்டி அதிகம் வருவதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம். உயிர் பிழைத்த மீனிலும் சில மாதங்களில் நிறம் மங்கிவிடும்.

கடையில் சோதிக்க 450 நானோமீட்டர் நீல டார்ச் ஒன்றும், பழக்கூடை சுற்றி வரும் மஞ்சள் செலோபேன் தாளும் போதும். தொட்டி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். தாளை இரண்டாக மடித்துக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். நீலம் தாளில் நின்றுவிடும், மீன் வெளிவிடும் ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். மரபணு மாற்றிய பச்சை மீன் முதுகிலிருந்து வால் அடி வரை ஒரே சீராகத் தணல் மாதிரித் தெரியும். V வடிவத்தில் அடுக்கியிருக்கும் தசைமடிப்புகளைக்கூட எண்ணலாம். சிவப்பு மீன் அந்த அளவுக்குப் பளிச்சிடாது. பச்சைப் புரதம் நீல ஒளியை நன்றாக உறிஞ்சி 509 நானோமீட்டரில் வெளிவிடும். சிவப்புப் புரதத்துக்குப் பிடித்தது 558 அளவிலான பச்சை ஒளி என்பதால் நீல டார்ச்சில் அரைகுறையாகத்தான் எரியும்.

சாயம் போட்ட மீன் பெரும்பாலும் இந்தச் சோதனையில் இருண்டுபோகும். சில சாயங்கள் தாமே ஒளிர்பவை என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. துடுப்பின் அடிப்பாகம், வாய் ஓரம், செவுள் மூடி விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். சாயம் அங்கே திட்டுத்திட்டாகத் தேங்கும். வெளிர் ஊதா, வெளிர் நீலம், ரோஸ் என்று மிட்டாய் நிறத்தில் மீன் முழுக்க ஒரே பூச்சாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உறுதியான சான்று குஞ்சுதான். சாயம் போட்ட ஜோடிக்குச் சாதாரணக் குஞ்சு பிறக்கும். மரபணு மாற்றிய மீனின் குஞ்சில் நிறம் கூடவே வரும்.

வேதனை பற்றி: ஊசியும் நுண்ணோக்கியும் பட்டது மூதாதை மீனின் கருவில். உங்கள் தொட்டிக்கு வரும் மீன் அந்த நிறத்தோடே பிறந்தது, அதற்கென்று யாரும் அதை எதுவும் செய்யவில்லை. சாயம் போட்ட மீனைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நாம் வாங்குவதால்தான் அந்தக் கொடுமை நடக்கிறது.

மூணடி_தொட்டி

அடையாளம் எல்லாம் மேலே வந்துடுச்சு, நான் தண்ணி பக்கம் சொல்றேன்.

உங்க தொட்டி நிறைச்சா 132 லிட்டர். கல், மேல விடுற இடம் போக 115 லிட்டர்னு வெச்சுக்குங்க. டி.டி.எஸ். 800 ஜீப்ராவுக்குப் பிரச்சனையே இல்ல. விடோவுக்கு மென்மையான தண்ணி பிடிக்கும்னு புத்தகம் சொல்லும், ஆனா போர் தண்ணியில பிறந்து வளர்ந்த பண்ணை மீன் இதுக்குப் பழகியிருக்கும். கெடுக்கிறது எது தெரியுமா, இந்த வாரம் மெட்ரோ, அடுத்த வாரம் லாரி, அதுக்கடுத்து வெறும் போர்னு தண்ணி மாறிக்கிட்டே இருக்கிறது. மாத்துறதுக்கு முன்னாடி புதுத் தண்ணியில மீட்டரை வைங்க. தொட்டிக்கும் அதுக்கும் 150க்கு மேல வித்தியாசம்னா ஒரே தடவையில 25 சதவீதம் மாத்தாம, ரெண்டு நாள் இடைவெளியில 10, 10ஆ மாத்துங்க.

குளோரினுக்கு சோடியம் தயோசல்ஃபேட் படிகம், 100 லிட்டருக்கு 1 கிராம். மெட்ரோ தண்ணியில வர்ற குளோரினுக்கு இது தாராளம். ஒவ்வொரு தடவையும் கிராம் கணக்குல நிறுக்க முடியாது, அதனால 10 கிராமை 1 லிட்டர் தண்ணியில கரைச்சு வெச்சுக்குங்க. அதுல 1 மில்லி ஒரு லிட்டர் புதுத் தண்ணிக்கு. 30 லிட்டர் மாத்தினா 30 மில்லி. வாளியிலேயே கலந்து அப்புறம் ஊத்துங்க.

இப்ப முக்கியமானது, உங்க பி.எச். 8.2. மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷயத்துல நம்ம ஊர்ல மீன் சாகுறதுக்கு இதுதான் பெரிய காரணம். டெஸ்ட் கிட் காட்டுறது மொத்த அம்மோனியா. அதுல செவுளை எரிக்கிற பங்கு பி.எச்., வெப்பம் ரெண்டையும் பொறுத்தது. 30 டிகிரியில பி.எச். 7னா ஒரு சதவீதத்துக்கும் கம்மி. பி.எச். 8னா ஏழரை சதவீதம். உங்க தண்ணியில அதுக்கும் மேல, பதினோரு சதவீதம் கிட்ட. வேற ஊர்க்காரங்க "அம்மோனியா 1 காட்டினாலும் மீன் தாங்கும்"னு சொல்றதை இங்க நம்பி உட்கார்ந்தா கதை முடிஞ்சது.

அதனால மீன் போடுறதுக்கு முன்னாடி ஃபில்டரைப் பழக்கணும், அதாவது அம்மோனியாவைத் தின்னுற பாக்டீரியாவை அதுல வளர விடணும். அம்மோனியம் குளோரைடு வாங்குங்க, லேப் கெமிக்கல் கடையில கிடைக்கும். 115 லிட்டருக்கு 0.7 கிராம் போட்டா அம்மோனியா சுமார் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். ரெண்டு ஸ்பாஞ்சும் ஓடட்டும். அம்மோனியா இறங்கி, அது மாறி வர்ற நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கணும். நம்ம வெப்பத்துல மூணு வாரத்துலருந்து அஞ்சு வாரம். போட்ட 2 பி.பி.எம். 24 மணி நேரத்துல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே பூஜ்யம் ஆச்சுன்னா தொட்டி தயார். 50 சதவீதம் தண்ணி மாத்திட்டு மீன் விடுங்க. வேற யார்கிட்டயாவது ஓடுற தொட்டி ஸ்பாஞ்ச் கிடைச்சா, அதை உங்க தொட்டித் தண்ணியிலேயே பிழிஞ்சு விட்டா இந்தக் காலம் பாதியாகும்.

வெயில் விஷயம். ஜீப்ராவுக்கு 22லருந்து 28, விடோவுக்கு 22லருந்து 27 வசதி. மே மாசம் நம்ம ஹால்ல தண்ணி 32, 33 தொடும். சில நாள் தாங்கும், மாசக்கணக்கா இருந்தா ஆயுள் குறையும். மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணி மேல சாய்வா ஓட விடுங்க, 2லருந்து 3 டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையற தண்ணிக்கு ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தணும். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிடும். அது மேல திரும்பவும் போர் தண்ணி ஊத்தினா ஒரே மாசத்துல 800 போய் 1,200 ஆயிடும். வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் குறையும், அதனால கரண்ட் போனா ஓடுற மாதிரி பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம் வேணும்.

விளக்கு: காலையில வெள்ளை, சாயங்காலம் 6லருந்து 10 வரைக்கும் நீலம். அப்புறம் முழு இருட்டு. இந்த மீன் தானா மின்மினி மாதிரி ஒளி விடாது, வெளிச்சம் பட்டாதான் திருப்பி விடும். ராத்திரி முழுக்க நீலம் எரியவிட்டா மீன் தூங்காது, பாசிதான் வளரும். கடையில "யு.வி. விளக்கு"ன்னு தர்ற எதையும் வாங்காதீங்க. கிருமி கொல்ற 254 நானோமீட்டர் குழாய் கண்ணைக் கெடுக்கும். 450லருந்து 470 நீல எல்.இ.டி. போதும். பின்னாடி கறுப்பு ஒட்டி, கறுப்புக் கல் போட்டா நிறம் எடுக்கும். பெயிண்ட் அடிச்ச நியான் கல் வேண்டாம், மேல்பூச்சு உரிஞ்சு ஃபில்டர்ல அடைக்கும்.

எண்ணிக்கை: ஜீப்ரா 10, இல்ல விடோ 8. ரெண்டும் வேணும்னா ஜீப்ரா 8, விடோ 6. ஆறுக்குக் கீழ போச்சுன்னா விடோ ஒண்ணையொண்ணு கடிக்கும். கப்பி, ஏஞ்சல், பெட்டா மாதிரி நீளத் துடுப்பு மீன் கூட வேண்டாம், கிழிச்சுடும். டைகர் பார்ப்பும் அப்படித்தான். ரெயின்போ ஷார்க் 15 சென்டிமீட்டர் வளரும், இந்தத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

என் கருத்து: மீன் நலம்னு பார்த்தா இதுக்கும் சாதா ஜீப்ராவுக்கும் பராமரிப்புல வித்தியாசம் இல்ல. பையன் ஆசையா கவனிச்சுக்கிட்டா நல்லாவே இருக்கும். முதுகு வளைஞ்ச மீன், செவுள் மூடி குட்டையான மீன் மட்டும் எடுக்காதீங்க. சில ஜோடியை வெச்சே திரும்பத் திரும்பக் குஞ்சு எடுக்கிற பண்ணையில அந்தக் குறை வரும். வாங்கினதும் மூணு வாரம் தனித் தொட்டி.

ரெட்டேரிக்கரை

மேலே உள்ள தண்ணீர்க் கணக்கு அத்தனையும் சரி. முடிவோடு மட்டும் நான் உடன்படவில்லை. மீனுக்கு நோவு இல்லை என்பதோடு கேள்வி தீர்ந்துவிடாது.

முதலில் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள், மரபணு மாற்றிய உயிரினங்களை இறக்குமதி செய்வது, உற்பத்தி செய்வது, விற்பது, வெளியில் விடுவது எல்லாவற்றுக்கும் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகின்றன. மரபணு மாற்றிய பி.டி. பருத்தி 2002இல் வயலுக்கு வந்தது அந்த வழியாகத்தான். ஒளிரும் மீன் விற்பவரிடம் அந்த ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். அவர் எடுத்துக் காட்டப் போவதில்லை. "பண்ணையிலேயே போட்டது" என்பது தப்பிக்கும் வழியும் ஆகாது. உற்பத்திக்கும் அதே விதிதான். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்த மீனை விற்க அனுமதி கிடையாது. அமெரிக்காவிலேயே கலிபோர்னியா மாநிலம் 2015 வரை தடுத்து வைத்திருந்தது.

அடுத்தது ஆறு. ஜீப்ரா டேனியோ அமெரிக்காவுக்கு அந்நிய மீன். நமக்கு அது உறவு. கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலத்து ஓடைகளும் வயல் வாய்க்கால்களும்தான் அதன் சொந்த ஊர். அங்கே நிறம் மாற்றிய மீன் ஒன்று போய்ச் சேர்ந்தால் காட்டு மீனோடு ஜோடி சேர எந்தத் தடையும் இல்லை. சென்னைப் பண்ணைகளின் மீன் இந்த ஊரோடு நிற்பதில்லை, பாலித்தீன் பையில் ரயிலேறி எல்லா மாநிலத்துக்கும் போகிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு 2015இல் வெளியானது. சிவப்பு ஜீப்ராவையும் காட்டு ஜீப்ராவையும் கலந்து விட்டு 15 தலைமுறை பார்த்தார்கள். பெண் மீன்கள் சிவப்பு ஆணை வெறுக்கவில்லை, ஆனால் காட்டு ஆண்கள் துரத்தித் துரத்தி விரட்டின. கிட்டத்தட்ட எல்லாக் கூட்டங்களிலும் சிவப்பு மரபணு அழிந்தே போனது. இரைக்கொல்லி மீன்களை வைத்துச் செய்த சோதனையில் சிவப்பு மீன்தான் அதிகம் இரையானது என்பதும் பதிவாகியிருக்கிறது. விரால் இருக்கும் குளத்தில் சிவப்பு மீனின் கதி என்ன என்று நாமே ஊகிக்கலாம்.

ஆனால் பர்டூவில் சிவப்பு மீன் தோற்றது காட்டு ஜீப்ராவிடம். காட்டு ஜீப்ரா இல்லாத தண்ணீரில் யாரிடம் தோற்கும்? பிரேசிலில் நடந்ததைப் பாருங்கள். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் முரியாயே வட்டாரம் அந்நாட்டு அலங்கார மீன் பண்ணைகளின் மையம். அங்கே பண்ணைகளை ஒட்டிய ஓடைகளில் சிவப்பு, பச்சை ஜீப்ராக்கள் வாழ்வதும் முட்டையிடுவதும் 2022இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது. அந்த மீனை விற்பது அந்நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனாலும் ஓடைக்குப் போய்விட்டது. பண்ணைக் குளத்தின் வடிகால் வழியேதான் போயிருக்க வேண்டும்.

அந்த வரைபடத்தை அப்படியே நம் வடசென்னைக்கு மேல் வைத்துப் பாருங்கள். கொளத்தூர், ரெட்டேரி, புழல் என்று பண்ணையும் ஏரியும் அடுத்தடுத்து. டிசம்பரில் ஒரு புயலோ பெருமழையோ வந்தால் சிமென்ட் தொட்டியும் ஏரியும் ஒரே தண்ணீர். 2015லும் 2023லும் பார்த்தோம். தொட்டியில் பாசி தின்ன வாங்கிய சக்கர் மீன் இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழிக்கும் அளவுக்குப் பெருகி, மீனவர்கள் அதைக் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள். அதை ஏரிக்கு யாரும் திட்டமிட்டுக் கொண்டுபோகவில்லை. வாங்கினோம், வளர்ந்தது, வெள்ளம் வந்தது, சிலர் வாளியோடு கொண்டுபோய் விட்டார்கள்.

விடோ டெட்ராவுக்கு இங்கே சொந்தக்கார மீன் கிடையாது, மரபணு கலக்கும் பயம் இல்லை. டைகர் பார்ப்பும் நம் நாட்டு மீன் இல்லை. அவற்றில் அபாயம் குறைவு என்று ஒப்புக்கொள்கிறேன். சட்டம் மூன்றுக்கும் ஒன்றுதான்.

அதனால் புதிதாக வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடைக்காரர் ஒரு பை விற்றால் பண்ணையில் அடுத்த தொட்டி நிரம்பும். நிறம்தான் வேண்டுமென்றால் நம் வெப்பத்துக்குச் சேர்ந்த மீன்கள் இருக்கின்றன. குள்ள கௌராமி நம் வடநாட்டு மீன். காற்றை நேரடியாக எடுத்துச் சுவாசிக்கும் என்பதால் கோடையில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். ஆணின் நீலச் சிவப்புக் கோடுகள் எந்த ஒளிர் மீனுக்கும் குறைந்ததில்லை. ஒரு ஆண், இரண்டு பெண் போதும், ஆண்கள் சண்டை போடும். கூட 10 செர்ரி பார்ப். பளபளக்கும் கோடு வேண்டுமென்றால் நியான் டெட்ராவை விட்டுவிட்டு கார்டினல் டெட்ரா எடுங்கள். நியானுக்கு நம் வெயில் ஒத்துவராது, கார்டினல் 29 வரை தாங்கும். ஆனால் அதற்கு உங்கள் தண்ணீரில் பாதி ஆர்.ஓ. கலக்க வேண்டும். விளக்கைத் தொட்டியின் முன் ஓரத்தில் வையுங்கள். அதன் நீலக் கோடு ஒளியைத் திருப்பி அனுப்புவது, வெளிச்சம் முன்னாலிருந்து பட்டால்தான் நம் கண்ணுக்குத் தெரியும்.

பெரம்பூர்_தொட்டி

எல்லோருக்கும் நன்றி. புதிதாக வாங்கவில்லை, கௌராமியும் செர்ரி பார்ப்பும் பையனுக்குக் காட்டினேன், சம்மதித்துவிட்டான். ஆனால் இன்னொரு விஷயம். ஊர் மாற்றிப் போகிற சொந்தக்காரர் ஒருவர் தன் தொட்டியில் உள்ள 8 சிவப்பு ஜீப்ராவையும் 5 பச்சை விடோவையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எடுக்காவிட்டால் ரெட்டேரியில் விட்டுவிடுவதாகப் பேச்சு. எடுத்து வளர்ப்பது தப்பா? முட்டை போட்டால் என்ன செய்வது?

ரெட்டேரிக்கரை

எடுத்துக்கொள்ளுங்கள், இன்றே சொல்லிவிடுங்கள். இருக்கிற மீனைச் சாகும்வரை நான்கு கண்ணாடிக்குள் வைத்திருப்பது ஏரியில் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இனப்பெருக்கம் வேண்டாம், கைமாற்ற வேண்டாம், கடைக்குத் திருப்பித் தர வேண்டாம். ஜீப்ரா மூன்று நான்கு வருடம், விடோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

தண்ணிமாத்து

சொந்தக்காரர் ஃபில்டரையும் கேட்டு வாங்குங்கள், மீனைவிட அதுதான் முக்கியம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல், அந்தத் தொட்டித் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் மூழ்கவைத்து எடுத்து வாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உங்கள் ஏர் பம்ப்பில் ஓட வேண்டும். பக்டீரியா ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டியிருக்கும். பழைய தண்ணீரைச் சுமந்து வருவதில் பெரிய பயன் இல்லை. இப்படிச் செய்தால் ஐந்து வாரம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் முதல் பத்து நாள் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். 0.25 காட்டினாலே 30 சதவீதம் மாற்றுங்கள்.

முதல் நாள் தீனி போடக் கூடாது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வீட்டுக்கு வந்ததும் அவர் தொட்டி டி.டி.எஸ்.ஸையும் உங்களுடையதையும் பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் 40 நிமிடத்தில் சிறிது சிறிதாகக் கலந்து விடலாம். பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் மட்டும் அப்படி நிதானமாகச் செய்ய வேண்டாம். மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். சேர்ந்த அம்மோனியா அந்த நிலையில் தீங்கு செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, உங்கள் 8.2 தண்ணீரும் சேர்ந்தால் அதே அம்மோனியா விஷமாகிவிடும். 15 நிமிடம் மிதக்கவிட்டு, வலையில் அள்ளி நேரே விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

முட்டை விஷயம் ஜீப்ராவில் நிச்சயம் வரும். விடியற்காலை வெளிச்சம் பட்டதும் முட்டையைத் தூவும், ஒட்டாது, கல்லுக்குள் இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர்தான், கண்ணாடி மணி மாதிரி. 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். தடுக்க எளிய வழி, ஒளிய இடம் கொடுக்காமல் இருப்பது. ஜாவா மாஸ், பரட்டைச் செடி, பெருங்கல் எதுவும் வேண்டாம். வெறும் தரையோ மெல்லிய மணலோ வைத்தால் பெரிய மீன்களே முட்டையைத் தின்றுவிடும், விடோவும் ஒன்று விடாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரின் அடியில் மட்டும் குஞ்சு தப்பும், அதை வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

நீங்கள் நினைத்துப் பார்க்காத வழி, தொட்டியின் அடிக்கழிவை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாய். கழிவோடு முட்டையும் வரும். பெரம்பூரில் வடிகாலில் ஊற்றினால் அது ஓட்டேரி நல்லா என்ற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிற தண்ணீர். மாற்றிய தண்ணீரை வாளியில் பிடித்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, மாடிச் செடிக்கு ஊற்றுங்கள். துணியை வெயிலில் நன்றாகக் காய வையுங்கள், காய்ந்தால் முட்டை பிழைக்காது. வடிகட்டாமல் நேரே தொட்டிச் செடி மண்ணுக்கு ஊற்றினாலும் சரிதான். நைட்ரேட் இருக்கும், செடிக்கும் நல்லது. மழைக்காலத்தில் தொட்டியைத் தரைத்தளத்திலோ வராண்டாவிலோ வைக்காதீர்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டியில் கை விட வேண்டாம். ஜீப்ராவுக்கு மைக்கோபாக்டீரியா தொற்று சகஜம், அது மனிதத் தோலிலும் ஆறாத புண் வரவைக்கும். நன்றாகத் தின்றும் மீன் மெலிந்து, வயிறு ஒட்டி, முதுகு வளைந்தால் அந்தச் சந்தேகத்தோடு தனியே பிரியுங்கள்.

அப்படித் தேறாத மீனை உயிரோடு சாக்கடையிலோ டாய்லெட்டிலோ போடாதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடைக் கிராம்பு எண்ணெய் போதும். அரை மில்லி, அதாவது சுமார் பத்துச் சொட்டு, சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்குங்கள். குலுக்காமல் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து மீனுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் அதைக் கலந்து மீனை விடுங்கள். சில நிமிடத்தில் சாய்ந்து மயங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல தண்ணீரில் திரும்ப விழித்துக்கொள்ளும். பிறகு செடித் தொட்டியில் ஆழமாகப் புதைத்துவிடலாம்.

மூணடி_தொட்டி

சேர்த்துச் சொல்றேன், அஞ்சு விடோ கம்மி. ஒண்ணையொண்ணு துரத்திக் கடிக்க ஆரம்பிச்சா அதுக்காக இன்னும் பச்சை விடோ தேடாதீங்க. சாதா கறுப்பு விடோ மூணு சேர்த்தா போதும், நிறம் பார்க்காம கூட்டமா சேர்ந்துக்கும். ஆனா அதுங்களுக்குள்ள முட்டை வந்தா குஞ்சுல பாதி பச்சையா வரலாம், அதையும் தண்ணிமாத்து சொன்ன மாதிரியே கவனிக்கணும். கௌராமியை இதுங்க கூட போடாதீங்க, அதோட மீசைத் துடுப்பை விடோ கடிச்சே தீர்த்துடும். செர்ரி பார்ப்பும் கௌராமியும் வேணும்னா தனியா ரெண்டடித் தொட்டி, 24 × 12 × 12. 57 லிட்டர்தான், அதனால செர்ரி பார்ப் ஆறோட நிறுத்திக்குங்க.